மகன் விட்டுப்போன வாட்சும் அவன் அப்பாவின் நாடியும்

என் மகன் பிரபு இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போதுதான் நம் சஷ்டிக் குழுவுக்கு மறுபடி வருகிறேன். இங்கே யாராவது எழுந்து அனுபவம் சொல்லுங்கள் என்று கேட்கும்போதெல்லாம் நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். எழுந்தால் அழுவேன், அழுதால் பேச்சு வராது. அதனால்தான் இதை எழுதிக் கொடுக்கிறேன், அக்கா தங்கச்சிகளா. அழுதுகொண்டே எழுதலாம், யாருக்கும் தெரியாது.

பிரபு கோரிப்பாளையத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தான். அந்தக் கடையிலேயே ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"அம்மா, இங்க பாரு. நான் எம்புட்டு தூரம் நடந்தேன், எம்புட்டு நேரம் தூங்குனேன்னு இது சொல்லும்."

"நீ எம்புட்டு நேரம் தூங்குனன்னு எனக்குத் தெரியாதாடா? எழுப்பி எழுப்பித் தொண்டை வத்திப்போறவ நாந்தான," என்றேன்.

அவன் அப்பா விடுவாரா? "இட்லி வெந்துருச்சான்னு சொல்லுமாடா மாப்ள?" என்று கேட்டார். பெற்ற மகனையே மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அவர் பெயர் ராசு. மார்க்கெட்டுக்குச் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். எங்கள் குலசாமி கருப்பசாமிக்குச் சாமியாடியும் அவர்தான். செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊர்க் கோயிலில் பங்குனிப் பொங்கல் அன்று உச்சி வேளையில் அவர் மேல்தான் கருப்பு இறங்கும்.

அந்த வருஷப் பொங்கலில் பிரபு ஒரு வேலை செய்தான். அப்பா கச்சை கட்டும்போது யாருக்கும் தெரியாமல் அவர் கையில் வாட்சைக் கட்டி, மேலே துணியைச் சுற்றிவிட்டான். உறுமி அடித்தது, சாமி வந்தது. இவன் என் பக்கத்தில் நின்று தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாட்சில் ஓடுகிற எண் அந்தப் போனிலும் தெரியுமாம்.

"அம்மா, நாடி ஏறுது பாரு. கருப்பு நூத்தம்பது ஸ்பீடுல வாராரு!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். கோடாங்கி மாமா, என் மாமனாரின் அண்ணன், திருநீறு எடுக்கும்போது துணிக்குள் வாட்சைப் பார்த்துவிட்டார். "சாமி கையில என்னடா வெளையாட்டு?" என்று பிரபுவைத் துரத்தினார். ஊரே சிரித்தது. அன்றைக்கு என் வீடு நிறைந்து இருந்தது.

அந்தக் கார்த்திகையில் ஒரு மழை நாள். வேலை முடிந்து பைக்கில் வந்தவன் நாலுவழிச் சாலையில் விழுந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தரையில் விழுந்து கும்பிட்டேன். "முருகா, கை போகட்டும், கால் போகட்டும், உசுரை மட்டும் குடு" என்று கெஞ்சினேன். முருகன் கொடுக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் கவரில் பெல்ட்டும் போனும் வாட்சும் போட்டு என் கையில் கொடுத்தார்கள். பிள்ளையைக் கொடுக்கவில்லை.

அதோடு நான் முருகனிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். திருப்பரங்குன்றத்தில் வீட்டை வைத்துக்கொண்டு மலையைப் பார்க்காமல் இருப்பது லேசான காரியம் இல்லை. மாடிக்குப் போனால் மலைதான் முன்னால் நிற்கும். நான் கொடியை அந்தப் பக்கம் கட்டி, சேலையை விரித்துக் காயப்போட்டு மலையை மறைத்தேன். அம்புட்டு கோபம். அம்புட்டு வேதனை.

காரியம் முடிந்த மறுநாள், யாரோ சார்ஜ் போட்டு மேசை மேல் வைத்திருந்த வாட்ச் திடீரென்று அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், ஒரு ஆள் எழுந்து நடக்கிற மாதிரிப் படம். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தால், எழுந்து நட என்று ஞாபகப்படுத்துமாம். யாரை எழுந்து நடக்கச் சொல்கிறது? நான் அதைக் கட்டிலில் எறிந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

அவன் அப்பா மெதுவாக வந்து அதை எடுத்தார். தன் கையில் கட்டிக்கொண்டார். "அவனத்தான நடக்கச் சொல்லுது. அவனுக்குப் பதிலா நான் நடக்குறேன்" என்று சொல்லி எழுந்து தெருவில் நடக்கப் போனார்.

அன்றிலிருந்து அது கையில் அதிரும்போதெல்லாம் நடப்பார். தண்ணீர் குடிக்கச் சொன்னால் குடிப்பார். பிள்ளை சொன்ன மாதிரி நினைத்துக்கொண்டு செய்தார். நானும் பிரபுவின் போனைத் தினமும் சார்ஜ் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வேன். அவன் சூடு அதில் இன்னும் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. சாவு விழுந்த துட்டி வீடு என்பதால் அடுத்த பங்குனிக்கு நாங்கள் ஊர்ப் பக்கம் போகவில்லை. நாள் போகப்போக அவர் நடையைக் குறைத்துக்கொண்டார். சோறு குறைந்தது. வண்டியை எடுப்பதும் குறைந்தது. கேட்டால் ஒன்றும் இல்லை என்பார். துக்கம்தான் ஆளைத் தின்கிறது என்று நான் நினைத்தேன்.

இந்தப் பங்குனிக்கு ஊரிலிருந்து வந்து கூப்பிட்டார்கள். போனோம். கச்சை கட்டும்போது கோடாங்கி மாமா, "கையில கெடக்குறத கழட்டுய்யா" என்றார். அவர் கழற்றவில்லை. "இது எம்பிள்ளை பெரியப்பா" என்று மட்டும் சொன்னார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே ஒரு துணியைச் சுற்றிவிட்டார்.

உச்சி வெயில். உறுமி அடித்தது. பெண்கள் குலவை போட்டோம். அவர் உடம்பு குலுங்கியது. வேர்த்து ஊற்றியது. தள்ளாடித் தள்ளாடி இரண்டு எட்டு வைத்து, அரிவாளை ஊன்றி முட்டி போட்டு உட்கார்ந்தார். "சாமி எறங்கிருச்சு!" என்று கத்தினார்கள். உறுமி இன்னும் வேகம் எடுத்தது. ஒருத்தி குடத்தோடு மஞ்சத்தண்ணியை அவர் தலையில் ஊற்றினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சாமி ஆடுவதைப் பார்க்கிறவள் நான். கருப்பு வந்தால் கண் உருளும், ஊர் அதிர ஒரு சத்தம் வரும். அன்றைக்குச் சத்தம் வரவில்லை. உதடு வெளுத்துக் கிடந்தது. ஆனால் சாமி வந்த ஆளை யார் தொடுவது? தொட்டால் குலத்துக்கே ஆகாது என்பார்கள். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் கருப்பு வந்திருக்கிறது, அதைப் போய் நான் கெடுத்துவிட்டால்?

அப்போதுதான் என்னை அறியாமல் என் வாயில் அந்தப் பெயர் வந்தது. "முருகா, நீ எனக்கு ஒண்ணும் குடுக்க வேணாம். வந்துருக்குறது கருப்பா, நோவான்னு மட்டும் சொல்லு. இத ஒண்ணயாச்சும் சொல்லு."

இடுப்பில் போன் அதிர்ந்தது.

எடுத்தேன். சிவப்பாக ஒரு இதயப் படம். பக்கத்தில் முப்பத்தெட்டு. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எண் தெரியும். பிரபு பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரியே இருந்தது, கருப்பு நூத்தம்பது ஸ்பீடுல வாராரு என்று. சாமி வந்தால் நாடி ஓட வேண்டும். இது ஓடவில்லை. நிற்கப் போகிறது.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி அவரைப் பிடித்துக்கொண்டேன். கை ஜில்லென்று இருந்தது.

"ஏத்தா, சாமி மேல கை வைக்காத!" என்று கோடாங்கி மாமா கத்தினார்.

"மாமா, இது சாமி இல்ல மாமா! சாமி வந்தா நாடி ஓடும், இது நிக்குது! நீங்களே தொட்டுப் பாருங்க மாமா!"

என்னை அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். மாமா குனிந்து அவர் கையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்து, "உறுமிய நிறுத்துங்கடா!" என்று ஒரு சத்தம் போட்டார். "கருப்பு வழி விட்டு நிக்கிறான். தூக்குங்கடா எம்மகன!"

என் கொழுந்தன் முத்து காரை எடுத்தான். "மதினி, அண்ணன பேச வச்சுக்கிட்டே வாங்க. தூங்க விடாதீங்க" என்றான். நான் என்னென்னவோ பேசினேன். அவர் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. முருகா முருகா என்று வழி முழுக்கச் சொன்னேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து, "இது அவர் கையில இருந்துச்சும்மா" என்று ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினாள். உள்ளே அந்த வாட்ச்.

அம்மாடி! அந்தக் கவரைப் பார்த்ததும் நான் போட்ட கூப்பாடு அந்தக் கட்டடத்துக்கே கேட்டிருக்கும். அந்த நர்ஸ் பிள்ளை பயந்துபோய், "அவரு இருக்காரும்மா, உசுரோட இருக்காரும்மா" என்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எப்படித் தெரியும், இதே கவர் முன்னால் எனக்கு எதைச் சொல்லி வந்தது என்று.

டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்கள். இதயத்துக்குக் கரண்ட் போகிற வழி அடைபட்டிருக்கிறது, அதனால் துடிப்பு பாதியாக இறங்கிவிட்டது, பேஸ்மேக்கர் என்று ஒரு சின்னக் கருவி வைத்தால் பிழைத்துக்கொள்வார். "வாட்ச் எப்பவும் சரியாச் சொல்லும்னு இருந்துராதீங்க. ஆனா இன்னைக்குச் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார்கள். கருவி வைத்தார்கள். பிழைத்தார். எல்லோரும் என்னை மெச்சினார்கள்.

இத்தோடு முடித்தால் இது நல்ல சாட்சிதான். ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை.

கண் விழித்ததும் அவர் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் கேட்டார், "ஏம்புள்ள தூக்கிட்டு வந்த?"

எனக்குப் புரியவில்லை.

"மூணு மாசமா தல சுத்துது. கண்ணு இருட்டும். என்னமோ ஆகப்போகுதுன்னு எனக்குத் தெரியும். சொல்லல. கருப்பு காலடியிலயே போயிருந்தா இந்நேரம் மாப்ளயப் பாத்திருப்பேன். நீ விடல."

அக்கா தங்கச்சிகளா, பிள்ளை போன அன்றைக்கு என் நெஞ்சு உடைந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. அன்றைக்கு உடையாமல் மிச்சம் இருந்தது இந்தப் பேச்சில் உடைந்தது. என்னோடு இருக்க அந்த மனுஷனுக்கு ஆசை இல்லை. நான் ஒருத்தி இருக்கிறேன் என்கிற நினைப்பே இல்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கருவி தன் வேலையைச் செய்தது, நாடி ஒழுங்காக ஓடியது. வாட்ச் எழுந்து நடக்கச் சொன்னால் அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தட்டில் வைத்த சோறு வைத்தபடி ஆறும். ஊட்டினால் ரெண்டு வாய் வாங்குவார், அதுவும் எனக்காகத்தான். எண் நன்றாக இருக்கிறது, ஆள் இல்லை.

ஒரு நாள் காலையில் மாடிக்குப் போய்க் கொடியில் கிடந்த சேலையை உருவினேன். மலை தெரிந்தது. அப்படியே இறங்கிக் கோயிலுக்குப் போனேன், பூ இல்லை, அர்ச்சனைத் தட்டு இல்லை. சந்நிதியில் நின்று சண்டைதான் போட்டேன். "எம்பிள்ளைய நீ குடுக்கல. ஏன்னு கேட்டா நீ சொல்லவும் போறதில்ல. இந்த மனுசன் உசுர குடுத்த, ஆனா அதுக்குள்ள ஆளக் காணோம். அரைகுறையாக் குடுக்குறதுக்கு நீ எதுக்கு? வாழணும்ங்கற ஆசையையும் சேத்துக் குடு. இல்லேன்னா என்னையும் எடுத்துக்க." பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் ஒன்றும் மாறவில்லை. அதே சுவர், அதே படுக்கை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். தினமும் சண்டைதான். சித்திரை பிறந்து வெயில் மண்டையைப் பிளந்தது.

ஒரு நாள் கோயிலிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எங்க போன?"

"கோயிலுக்கு."

"இம்புட்டு நேரமா?"

"சண்ட போட நேரம் ஆகும்ல."

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். எழுந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். சுவரை இல்லை, என்னை.

"பசிக்குது புள்ள. என்ன இருக்கு?"

வீட்டில் ஒன்றும் இல்லை. சாப்பிட ஆள் இல்லாத வீட்டில் என்ன ஆக்கிவைப்பேன்? அடுப்பைப் பற்றவைத்தேன். ரவையை வறுத்து, வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, எப்படியோ ஒரு உப்புமாவைக் கிண்டி எடுத்துப் போனேன். முதல் வாயை மென்று முழுங்கிவிட்டு, "உப்பே போடலயே" என்றார். தட்டைக் கீழே வைக்கவில்லை. முழுதும் சாப்பிட்டார். நான் அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இதைத்தான் சொல்ல வந்தேன். நாடி நிற்காமல் போனது ஒரு அற்புதம். வாட்சையும் டாக்டரையும் கோடாங்கி மாமாவையும் வைத்து முருகன் செய்த வேலை அது. ஆனால் செத்துப்போக நினைத்த மனுஷன் வாயில் பசிக்குது என்று ஒரு சொல் வந்ததே, அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் கருவி கிடையாது.

இப்போது காலையிலும் சாயங்காலமும் தெப்பக்குளம் வரை நடக்கிறார். வாட்ச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நடக்கிறார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒன்று வாங்கிக் கட்டிவிடுங்கள், நல்லது. தினமும் சார்ஜ் போடுங்கள், அது கத்தினால் உடனே டாக்டரிடம் போங்கள். அதை விட முக்கியம், தலை சுற்றுகிறதா என்று வாய் திறந்து கேளுங்கள். பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்தால் விடாதீர்கள்.

என் பிள்ளை இனி வரமாட்டான். ஏன் என்ற கேள்விக்கு முருகன் இன்று வரைக்கும் பதில் சொல்லவில்லை. நானும் கேட்பதை விடவில்லை. உங்களில் யாராவது என்னைப் போல் அவனிடம் பேச்சை நிறுத்தியிருந்தால், பூவோடு வர முடியாவிட்டால் கோபத்தோடு வாருங்கள். நின்று சண்டை போடுங்கள். நான் ஒன்றரை வருஷக் கோபத்தை அவன் காலில் கொட்டினேன். அவன் என் வீட்டுக்குப் பசியை அனுப்பினான்.