நான் அச்சிடாத பட்டாளம்

காலை ஆறு மணி நாற்பது. கோப்பாய் வீட்டு விறாந்தையில் நான் முதலில் கண்டது, நடராசா மாஸ்டரின் படத்தின் கீழ் வைத்திருந்த ஓர் இடுப்புப்பட்டி. அதன் பித்தளைக் கொளுக்கி புளி போட்டு மினுக்கப்பட்டிருந்தது.

உங்களிடம் சொல்லிவிடுகிறேன்: அந்த மனிதரின் வாழ்வில் ஒன்பது ஆண்டுகளை நான் வேண்டுமென்றே வெட்டினேன்.

அன்று அவரது அந்தியேட்டி, இறந்தபின் செய்யும் முப்பத்தோராம் நாள் கிரியை. அதற்கு வருவோருக்குக் கொடுக்கும் நினைவு நூலை நாங்கள் 'கல்வெட்டு' என்போம். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஊரில் பலருக்கும் அதைத் தொகுப்பவன் நான்.

சாகுமுன் மாஸ்டர் ஒரு கொப்பி தந்திருந்தார். இளவயதில் ஒன்பது ஆண்டு அவர் இலங்கை இராணுவத்தின் தொண்டர் படையில் பகுதிநேரக் காலாட்படை வீரர். வாரநாளில் கணித பாடம், சனி ஞாயிறில் அணிநடை, ஆண்டுக்கொருமுறை தியத்தலாவையில் முகாம். தன் படைப்பிரிவின் வரலாற்றை அதில் எழுதியிருந்தார். ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், தமிழர், சிங்களவர்... எல்லோருக்கும் ஒரே கூடாரம். குளிரில் ஒரு போர்வைக்கு நடந்த இழுபறி!

"இதைப் போடாட்டி ஆவியா வந்து உம்மை லெப்ட் ரைட் போட வைப்பன்" என்று சிரித்தார்.

"ஓம் மாஸ்டர்" என்றேன்.

போடவில்லை.

யாராவது தடுத்தார்களா? இல்லை. இராணுவம் என்ற சொல் எங்கள் ஊர் ஒழுங்கையில் எதை நினைவூட்டும் என்று நீங்கள் அறிவீர்கள். போருக்கு வெகுகாலம் முன்பே சீருடையைக் கழற்றியவர் அவர். அதைச் சொல்ல இரண்டு வரி போதும். இரண்டு வரி எழுதுவதுதானே என் தொழில்! ஆனால் பின்னட்டையில் தொகுப்பாளர் என்று என் பெயர் இருந்தது... அவர் பெயரைக் காப்பாற்றினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது யார் பெயரை?

அவர் மனைவி மணியக்கா கல்வெட்டை வாங்கிப் புரட்டினார்.

"தம்பி, அவரின்ரை பட்டாளக் கதை எங்கை? இடம்பெயரேக்கை இந்தப் பட்டியைச் சீலைக்குள்ளை சுத்தி ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சனான். சனம் வாசிச்சிட்டுக் கேட்டால் காட்டுவம் எண்டு இண்டைக்குத்தான் வெளியிலை எடுத்தனான்."

"இடம் போதேல்லை, அக்கா."

அவர் படத்தைப் பார்த்தார். "ஓம்... உவர் எழுதத் தொடங்கினால் நிப்பாட்டமாட்டார்தானே."

எனக்காக அவரே சமாதானம் சொன்னார்! பிறகு பட்டியை எடுத்து முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

கொப்பி இன்னும் என் மேசை இலாச்சியில் கிடக்கிறது. திருப்பிக் கொடுக்கத் துணிவில்லை. அதில் கையால் எழுதியிருப்பது ஐந்தே பக்கம்; அச்சில் நான்குகூட வராது.

அன்றைய கல்வெட்டின் கடைசி நான்கு பக்கங்கள் வெறுமையாக இருந்தன.