சங்கு முதல் சங்கு வரை ஊறிய மாங்கொட்டை மாவு

மே மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானில் ஒரு துண்டு மேகமும் இல்லை. கொடியில் போட்ட துணி அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும் வெயில். அன்று காலை, பெரிய ஓட்டலின் மேலாளர், பரிமாறுவோர் அணியும் வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கையில் தொங்கவிட்டபடி சலவைக் கடைக்குள் நுழைந்தார். கோட்டின் காலர் இருபுறமும் துவண்டு கிடந்தது.

“இதப் போட்டுக்கிட்டுத் தட்டு தூக்கிட்டுப் போனா, சாப்பிட வந்தவங்க எந்திரிச்சு அவனுக்கு நாற்காலி போடுறாங்கம்மா. காய்ச்சக்காரன்னு நினைக்கிறாங்க,” என்றார்.

கடைக்கு உரியவரான அம்மாள் துவண்ட காலரைத் தடவிப் பார்த்தார். வழக்கமாக வாங்கும் கஞ்சி மாவு இரண்டு மாதங்களாகக் கிடைக்கவில்லை. கிடைத்த மாவு துணியில் நிற்கவில்லை.

“அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரேன். பன்னண்டு கோட்டு விறைப்பா இருக்கணும். இல்லேன்னா மெஷின் சலவைக்காரங்களுக்குக் குடுத்திடுவேன். தப்பா நினைக்காதீங்க.”

கடையின் வேலையில் முக்கால் பங்கு அந்த ஓட்டலின் துணிகளே. மேலாளர் போனதும் அம்மாள் உள்ளறைக்குச் சென்று, ஒரு பிளாஸ்டிக் வாளியின் மூடியைத் திறந்து பார்த்தார். அதில் வெள்ளை மாவு இருந்தது. அது அவருடைய கணவரின் படைப்பு.

கணவர், இரண்டு தெரு தள்ளியிருந்த பழச்சாறு ஆலையில் சாற்றின் இனிப்பையும் புளிப்பையும் அளப்பவர். தெருவில் அவருக்குக் ‘கொட்டைக்காரர்’ என்று பெயர். ஆலையின் பின்புறம் கொட்டிக் கிடக்கும் மாங்கொட்டைகளை அனுமதி பெற்று மூட்டை கட்டிச் சைக்கிளில் கொண்டுவருவார். கொட்டையின் ஓட்டை உடைத்து, பருப்பின் தோலைச் சீவி, துவர்ப்பு நீங்க மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, அரைத்து, துணியில் வடிகட்டி, அடியில் படியும் மாவைக் காயவைப்பார். இதன் பொருட்டு வீட்டின் மிக்ஸி, இரண்டு குண்டான், ஒரு போர்வை ஆகியவை ஒவ்வொன்றாக அவர் கட்சிக்கு மாறிவிட்டன.

“நாலு மாசமா என் மிக்ஸிய ஜப்தி பண்ணி வச்சிருக்கீங்க. அந்த மாவு எதுக்காவது ஆகுமான்னு இப்பக் காட்டுங்க,” என்றார் மனைவி.

புதன்கிழமை, மாவை அப்படியே காய்ச்சிக் கோட்டில் போட்டார்கள். காய்ந்த கோட்டு எவர் துணையுமின்றித் தரையில் நின்றது. கடையில் துணி தேய்க்கும் மைத்துனர், அம்மாளின் தம்பி, அதைப் பார்த்து எழுந்து நின்றார்.

“வாங்க சார், உட்காருங்க. ஓ, உங்களால உட்கார முடியாதுல்ல?”

மிச்சக் கஞ்சி ஆறியதும் கட்டியாகி, தண்ணீரைத் தனியே கக்கியது. மாவின் முரட்டுக் குணத்தை மாற்ற வேண்டும் என்று கொட்டைக்காரர் முடிவு செய்தார். ஆலையின் ஆய்வுக்கூடத்தில் கேட்டுவந்தபடி, எலுமிச்சை உப்புக் கரைத்த நீரில், கை பொறுக்கும் சூட்டில் மாவை ஊறவைத்துக் கழுவினால் கஞ்சி இளகும். கடையின் கொதிகலனுக்குப் பக்கத்தில் குண்டானை வைத்தார்.

“காலைச் சங்குக்கு நான் போட்டுட்டுப் போறேன். வீட்டுச் சங்கு ஊதினதும் எடுத்துக் கழுவிடு மாப்ளே.”

ஆலைச் சங்கே அவருடைய கடிகாரம். கைக்கடிகாரம் சாற்றுத் தொட்டியில் விழுந்துவிடும் என்று ஆலையில் அதை அணிய விடமாட்டார்கள். வேலையில் சேர்ந்த நாளில் கழற்றியவர், இருபத்திரண்டு ஆண்டுகளாகத் திரும்பக் கட்டவில்லை. வேலை முடிவதை அறிவிப்பது வீட்டுச் சங்கு. சங்கு ஊதாத ஞாயிற்றுக்கிழமைகளில், தமக்குப் பசிக்கிறதா என்பதை மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

வியாழனும் வெள்ளியும் ஊறிய மாவு தண்ணீராகவே போயிற்று. கோட்டுகள் பழையபடி துவண்டன. சனிக்கிழமை ஊறிய மாவோ பளிங்குபோல் காய்ந்தது. அதைப் போட்ட மூன்று கோட்டுகளின் காலர் நிமிர்ந்தது; கை மடங்கியது. கொட்டைக்காரர் ஒன்றை அணிந்துகொண்டு அன்று மாலை முழுவதும் கழற்றவில்லை.

மீதி ஒன்பது கோட்டுகளுக்காகத் திங்களன்று ஊறவைத்தார். துவண்டது. செவ்வாயும் துவண்டது. புதன்கிழமை மாலை மூவரும் கடையில் கூடினர். கெடுவுக்கு இரண்டே நாள் இருந்தது.

கொட்டைக்காரர் தம் நோட்டைத் திறந்தார். மாவின் எடை, உப்பின் எடை, நீரின் சூடு, வெயில், மைத்துனரின் மனநிலை என எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தது. நேரம் என்ற கட்டத்தில் முதல் நாள் ‘சங்கு முதல் சங்கு வரை’ என்றும், பிற நாள்களில் ‘மேற்படி’ என்றும் எழுதியிருந்தார்.

“எல்லாம் ஒண்ணுதான். ஒரு வித்தியாசமும் இல்ல.”

“என் மனநிலைன்னு போட்டு ‘மோசம்’னு எழுதியிருக்கீங்களே மாமா, அது எதுக்கு?”

“சனிக்கிழமை மட்டும் ‘சுமார்’னு இருக்கு. அதனாலயோ என்னமோ.”

மனைவி யோசித்தார். “சனிக்கிழமை மாவை எடுத்தது நீங்கதானே? மத்த நாளெல்லாம் தம்பி எடுத்தான்.”

கொட்டைக்காரரின் முகம் மலர்ந்தது. “அப்ப என் கைராசிதான். நாளைக்கு லீவு போட்டு நானே எடுக்கிறேன்.”

“வேலை நாள்ல அந்தக் கை எப்படி மாமா இங்க வந்துச்சு?” என்றார் மைத்துனர்.

“வீட்டுச் சங்கு ஊதுச்சு, வந்தேன்.”

“எத்தனை மணிக்கு?”

அவர் நோட்டைப் பார்த்தார். நோட்டில் மணி இல்லை.

“ஏங்க,” என்றார் மனைவி மெதுவாக, “சனிக்கிழமை ஆலை அரை நாள். ஒரு மணிக்கே ஊதிடும். மத்த நாள் அஞ்சு மணிக்கு.”

கொட்டைக்காரர் நோட்டை மூடிவைத்தார். சற்றுப் பொறுத்து மறுபடியும் திறந்து, நான்கு ‘மேற்படி’களையும் அடித்தார்.

வியாழக்கிழமை அவர் விடுப்பு எடுத்தார். மனைவி தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் மணிக்கட்டில் கட்டினார். காலைச் சங்கு ஊதிய எட்டு மணிக்குக் கொட்டைக்காரர் மாவைப் போட்டுவிட்டு, அதற்கு எதிரே முக்காலியில் அமர்ந்தார். கடிகார முள் ஒரு மணியைத் தொட்டது. அவர் அசையவில்லை; ஏதாவது ஊதும் என்று காத்திருந்தார். மைத்துனர் எண்ணெய் ஊற்றும் புனலை வாயில் வைத்து நீளமாக ஊதினார். உடனே கொட்டைக்காரர் எழுந்து மாவை எடுத்தார்.

பிற்பகல் வெயிலில் ஒன்பது கோட்டுகளும் காய்ந்தன.

வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுச் சங்கு ஊதிய பிறகு மேலாளர் வந்தார். பன்னிரண்டின் காலரையும் விரலால் சுண்டிப் பார்த்தார். ஒன்றை அணிந்துகொண்டு உட்கார்ந்தார், எழுந்தார், கையை மடக்கினார்.

“திங்கக்கிழமையிலேர்ந்து எல்லாக் கோட்டும் இங்கயே அனுப்புறேன்மா,” என்றார். அம்மாள் தலையசைத்துவிட்டு, முதல் வேலையாக மிக்ஸியை எடுத்துத் தம் பக்கம் வைத்துக்கொண்டார்.

மேலாளர் கொட்டைக்காரரிடம் திரும்பினார். “மாங்கொட்டை மாவுன்னு சொன்னாங்க. எவ்வளவு நேரம் ஊற வைப்பீங்க?”

மைத்துனர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காது கொடுத்தார். கொட்டைக்காரர் மனைவியைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார்.

“அஞ்சு மணி நேரங்க,” என்றார்.