ஃபிரிட்ஜில் மருதாணி விதை

என் வீட்டுக்காரர் மருதாணி விதையை ஃபிரிட்ஜில் வைத்த அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியது. சவுதியிலிருந்து இந்த முறை வந்தபோது, இனி போகமாட்டேன், பாலக்கரை வீட்டு மொட்டைமாடியிலேயே நர்சரி போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாண வீடுகளுக்கெல்லாம் மருதாணி வேண்டும், செடி விற்றே பிழைத்துக்கொள்ளலாம் என்றார். கல்யாணமாகிப் பாதி வாழ்க்கையை வீடியோ காலில் ஓட்டியவள் நான். நம்பத்தான் ஆசை.

விதை கொடுத்த ஸ்ரீரங்கத்து நர்சரிக்காரர் எங்கள் இரண்டு பேரிடமும்தான் சொன்னார்: பொடி விதை, மண்ணுக்குள் புதைத்தால் வராது, மேலாகத் தூவி வெளிச்சம் படும்படி வையுங்கள், சூடு வேண்டும். தலையாட்டிவிட்டு வந்த மனிதர், ஈரத்துணியில் சுற்றித் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார். குளிரில் வைத்தால்தான் விதை விழிக்குமாம், யூடியூபில் பார்த்தாராம். அது பனி பெய்கிற ஊர்ச் செடிக்கு, திருச்சி வெயிலில் வளர்கிற மருதாணிக்கு எதுக்குங்க என்றேன். காதில் வாங்கவில்லை. அப்புறம் அதை எடுத்து இரண்டு விரல் ஆழத்தில் புதைத்து, மேலே கறுப்பு ஷீட்டையும் போட்டு மூடினார். நர்சரிக்காரர் சொன்னது மறந்துபோச்சாம்.

கரண்ட் பில்லைக்கூட மூன்று தடவை படிக்கிற ஆள் இவர். யார் காதில் பூ சுற்றுகிறார்? முயற்சி பண்ணினேன், முளைக்கலை என்று சொல்லிப் பெட்டி கட்டத்தான் இந்த வேலை என்று முடிவு கட்டினேன். அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாலே, சவுதிக்குத்தான் பேசுகிறார் என்று படியடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

அவருக்குத் தெரியாமல், பொட்டலத்தில் மிச்சமிருந்ததிலிருந்து ஒரு சிட்டிகை விதையை எடுத்தேன். விருந்தில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டு ஒன்று ஓட்டை விழுந்து கிடந்தது; அதில் மண் பரப்பி, மேலாகத் தூவி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வெயில் படுகிற இடத்தில் வைத்தேன். மண் காயாமல் தெளித்துக்கொண்டே இருந்தேன். அவர் மூடி வைத்ததில் ஒன்றும் வரவில்லை. என்னுடையதில் பச்சைப் பசேலென்று முளைத்துவிட்டது. அல்லாவே, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இனி எப்படிப் போகிறார் என்று பார்த்துவிடுகிறேன் என்றிருந்தது.

தட்டைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இப்ப என்ன சொல்றீங்க?"

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். முகத்தில் திருட்டு முழி இல்லவே இல்லை. பாரம் இறங்கியவர்போல இருந்தார்.

"நல்லா வந்திருக்கே," என்றார். "அப்ப நான் போனாலும் நீ பாத்துக்குவ. விசா போன வாரமே வந்துடுச்சு."