சேரப்பணஞ்சேரியில் ஒரு நவஹோ விரிப்பு

போனவர்கள் மூவர்: நான், என் வீட்டுக்காரர், நாத்தனார் பங்கஜம். போன வீட்டில் இருந்தவர்கள் இருவர்: ஆரோக்கியமேரி, அவள் கணவர் சூசை. 1991, தை மாதத்து வியாழக்கிழமை.

ஜபத்துக்கு உட்கார எனக்கு ஒரு கம்பளி ஆசனம் வேண்டியிருந்தது. கம்பளிக்குத் தீட்டில்லை என்பார்கள். சேரப்பணஞ்சேரியில் ஒன்று விலைக்கு இருப்பதாகப் பங்கஜம் சொன்னாள். அவள் படப்பையில் டீச்சர். சேரப்பணஞ்சேரியில் வைத்தியம் பார்த்த அமெரிக்க நர்ஸம்மா, ஊர் திரும்பும்போது ஆரோக்கியமேரியிடம் கொடுத்துவிட்டுப் போன விரிப்பாம். அமெரிக்காவின் பூர்வகுடிகளான நவஹோ மக்கள் கையால் நெய்தது, மிகப் பழசு. அதை விற்றுத் தையல் மெஷின் வாங்கினால் செங்கல் சூளைக்குப் போக வேண்டாம் என்பது ஆரோக்கியமேரியின் கணக்கு. எழுநூறு ரூபாய்க்குப் பேசி, "பூஜைக்குத்தான், வியாழக்கிழமை வருகிறேன்" என்று சொல்லியனுப்பினேன்.

ஸ்ரீபெரும்புதூரில் காலை எட்டேகால் பஸ். ஒரகடத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். இரண்டும் சேர்த்து ஆளுக்கு மூன்று ரூபாய். வழியெல்லாம் ஏரியும் வயலும்தான், ஒரு கடை கிடையாது. தண்ணீர் கொண்டு போங்கள்.

வாசல் கொடியில் விரிப்பு தொங்கியது. கிட்டே போனதும் பங்கஜம் "ஐயையோ" என்றாள். சிவப்பு கரைந்து வெள்ளையிலெல்லாம் பரவியிருந்தது. ஓரங்கள் சுருண்டு, ஒரு பக்கம் ஒரு சாண் குறைந்திருந்தது.

"இன்னா மாமி, சாமிக்குன்னு சொல்லியனுப்பிச்சீங்க. அழுக்கோட எப்டி குடுக்கறது? வெந்நீர்ல சோடா போட்டு ஊற வெச்சேன். கல்லுல கூட அடிக்கல," என்றாள் ஆரோக்கியமேரி. கையெல்லாம் இன்னும் சிவப்பு.

"பைபிளைத் தவிர வூட்டுல எல்லாத்தையும் தொவைச்சுட்டா மாமி. நான் தப்பிச்சதே பெரிசு," என்றார் சூசை. யாரும் சிரிக்கவில்லை. அவரே தலை குனிந்துகொண்டார்.

நடுவிலிருந்து ஓரம்வரை மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடுமாம். நெய்கிறவளின் மனசு துணிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளாமல் வெளியே வர, வேண்டுமென்றே விடும் வழி என்று நர்ஸம்மா சொன்னதைப் பங்கஜம் சொன்னாள். விரலால் தடவித் தேடினோம். அங்கும் சிவப்புதான்.

நான் பையைத் திறந்தேன். ஆரோக்கியமேரி என் கையைப் பிடித்து மூடினாள்.

"வேணாம் மாமி. கெட்டுப்போனதுக்கு காசு வாங்கினா எனக்கு ஒட்டாது."

"உன் பேரில் தப்பில்லையேம்மா," என்றார் என் வீட்டுக்காரர்.

"தப்பு யார்துன்னா இன்னா சார்? சரக்கு கெட்டுப்போச்சே."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நிறம் சரியானால் பணம் வாங்கிக்கொள்கிறேன் என்று விரிப்பை மட்டும் கொடுத்தனுப்பினாள். மாசி பிறந்தால் சூளை மேஸ்திரி முன்பணத்தோடு வருவார். கை நீட்டி வாங்கிவிட்டால் மழை வரும்வரை அவள் சூளையில்தான். சுத்தம் என்றால் எங்கள் வீட்டில் என்ன அர்த்தமோ என்று பயந்து, நல்லெண்ணத்தில் செய்தாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்படிப் பழைய கம்பளி பார்க்கப் போகிறவர்கள், நனைக்காமல் நிழலில் உதறி வைத்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லியனுப்புங்கள். மதியம் ஒன்றரைக்குத் திரும்பும் பஸ் உண்டு. தவறினால் நாலு மணிதான்.

விரிப்பு இப்போது எங்கள் வீட்டில் உலர்ந்த வேட்டியில் சுற்றியிருக்கிறது. நம் கையெழுத்துப் பத்திரிகை படிக்கிறவர்களில் சாயப்பட்டறை பழக்கம் உள்ளவர்கள் இருப்பீர்கள். கம்பளியில் ஊறிய சிவப்பை மற்ற நிறம் கெடாமல் எடுக்க முடியுமா? முடியும், முடியாது, எதுவானாலும் மாசி பிறப்பதற்குள் எனக்குப் பதில் எழுதுங்கள்.