புஷ்பமக்காவும் பற்றரி வண்டியும்

வியாழக்கிழமை காலை, நல்லூரில் என் வீட்டுக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஆசுபத்திரிக் காவலாளி கந்தையா அண்ணை சைக்கிளில் வந்து படலையடியில் இறங்கினார். "கிளாக்கர் தம்பி, புஷ்பமக்கா விடியப்புறம் போயிட்டா" என்றார். மூன்று நாளாக நெஞ்சு நோவோடு எங்கள் வாட்டிலேயே படுத்திருந்தவர். தேறிவிடுவார் என்றுதான் நம்பியிருந்தேன். "இனி வண்டியை ஆர் பாக்கிறது?" என்றும் அண்ணை கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், அக்காவும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மரியபுஷ்பம் அவர்கள் குருநகரில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். கொக்குவிலில் நான் கணக்கு எழுதும் சிறிய ஆசுபத்திரியில் பணியாளராகச் சேர்ந்தவர். நோயாளர் வாட்டு ஒரு மண் ஒழுங்கையின் ஒரு முனையில்; சத்திரசிகிச்சைக் கூடம் மறுமுனையில். இடையில் கல்லும் குழியும். அதனால்தான் எங்கள் பெரிய டொக்டர், சண்டை தொடங்க முன்னரே, தெற்கிலிருந்து ஒரு பற்றரி வண்டியை எடுப்பித்தார். பணக்காரர் புல்வெளியில் கோல்ஃப் அடிக்கப் போகும்போது ஏறித் திரிகிற வண்டி. பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டு நோயாளியைக் கிடத்தப் பலகை பூட்டினோம். சத்தமும் இல்லை, புகையும் இல்லை.

பிறகு குடாநாட்டில் மின்சாரம் அடியோடு நின்றது. வண்டியைப் பார்த்துவந்த எலக்ட்ரீசியன் கனடாவுக்குப் போய்விட்டார். வண்டி இனிக் கோழி அடைக்கத்தான் உதவும் என்று நான் சொன்னேன். "வீட்டுக்காரரின்ரை வள்ளத்து எஞ்சினைக் கழுவிப் பூட்டினது நான்தான். உந்த வண்டியையும் ஒருக்காப் பாப்பம்" என்றார் அக்கா.

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் ஜெனரேற்றர் முதலில் நாளுக்கு நாலு மணித்தியாலம், பிறகு இரண்டு, பிறகு ஒப்பரேஷன் உள்ள வேளை மட்டும் என்று கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாயிற்று. அந்த நேரத்துக்குள்தான் வண்டியின் ஆறு பற்றரிகளும் சார்ஜ் ஏறவேண்டும். பற்றரிகளுக்குள் அடிக்கடி தண்ணீர் விடவேண்டும்; அதற்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. எங்கள் சுண்ணாம்புக் கல் தண்ணீர் பற்றரியைத் தின்றுவிடும். மாரி தொடங்கினால் அக்கா முற்றத்தில் ரெக்சின் சீலையை இழுத்துக் கட்டுவார். முதல் மழையை ஓடவிட்டு, அடுத்த மழையை வெறுமையான சேலைன் போத்தல்களில் பிடித்து, வருடம் முழுவதும் பத்திரப்படுத்துவார்.

வண்டியில் நோயாளி இருந்தால் மட்டும் ஓட்டுவார். வெறும் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டே திரும்புவார். இறந்தவர்களைக் கொண்டுபோகும்போதும் அப்படித்தான். மரியாதைக் குறைவு என்று நான் ஒருமுறை முணுமுணுத்தேன். "மூச்சு நிண்டவைக்கு அவசரமில்லைத் தம்பி. உந்தக் கரண்ட் மூச்சு உள்ளவைக்கு" என்றார்.

என் தங்கச்சியின் கலியாணத்துக்கு வீடியோ எடுக்க ஆசைப்பட்டோம். வீடியோக்காரர் வெளிச்சத்துக்குப் பற்றரி கேட்டார். ஆறில் இரண்டுதானே என்று சனிக்கிழமை எவருக்கும் தெரியாமல் கழற்றிக்கொண்டுபோய், ஞாயிறு பின்னேரம் திரும்பப் பூட்டிவிட்டேன். திங்கள் காலை, குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்த ஒரு வாத்தியாரோடு நடு ஒழுங்கையில் வண்டி நின்றது. அக்கா ஆசனத்தைத் தூக்கிப் பார்த்தார். "ஆரோ ரெண்டை மட்டும் தனியக் குடிச்சிருக்கினம். நொந்த ரெண்டும் மற்ற நாலையும் இழுத்து விழுத்திப்போட்டுது" என்றார். அக்காவும் நானுமாகத் தள்ளினோம். வாத்தியார் "முருகா முருகா" என்றபடி கிடந்தார். அந்த ஒழுங்கை அத்தனை நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வாத்தியார் பிழைத்தார் என்று தெரிந்த பிறகே எனக்கு வாய் வந்தது. உண்மையைச் சொன்னேன். அக்கா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார்.

"கலியாணம் வடிவா நடந்ததே?"

"ஓம் அக்கா."

"அப்ப சரி. இனி வெறும் வண்டியைத் தள்ளுறது நீங்கள்தான்."

டொக்டரிடம் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் அன்றிலிருந்து கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுத் தள்ளப் போனேன். சில நாள் திட்டிக்கொண்டுதான் போனேன் என்பதையும் மறைக்கக்கூடாது.

வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவை வண்டியில் கிடத்தியிருந்தார்கள். கையில் செபமாலை. றோட்டு முனையில் குருநகர் உறவினர்கள் ஒரு வான் வண்டியோடு காத்திருந்தார்கள். டொக்டர் கண் கலங்கியபடி வண்டியின் திறப்பை என்னிடம் தந்தார். "இண்டைக்கு மட்டும் ஓட்டிக்கொண்டு போங்கோ. அவவுக்கு இதாவது செய்வம்."

எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண். குழந்தை குறுக்கே கிடந்தது, இரண்டு மணிக்கு ஒப்பரேஷன். அதுவரை ஜெனரேற்றருக்கான மண்ணெண்ணெயைத் தொடமுடியாது. பற்றரியில் இருந்தது அரைச் சார்ஜ். திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டேன். "தள்ளுவம், டொக்டர்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தானும் வந்து ஒரு பக்கம் பிடித்தார். குழிகள் வந்த இடமெல்லாம் மெதுவாகத் தள்ளினோம். எனக்கு அழுகை அடங்கவில்லை.

இரண்டு மணி ஒப்பரேஷனுக்கு அந்தப் பெண்ணை நான் ஓட்டிக்கொண்டு போனேன். வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. வாசலில் காத்திருந்து, குழந்தை அழுத சத்தம் கேட்ட பிறகே திரும்பினேன்.

புஷ்பமக்கா, மாரிக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. நீங்கள் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் ஏழு போத்தல் இருக்கிறது; அதுவரைக்கும் காணும். நிம்மதியாகப் போங்கள். வெறும் வண்டியை நான் தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.