வெள்ளவத்தையில் ஸ்பானிஷ் வகுப்பு விடும் நேரம்

காலி வீதியில் மழை. ஒரு சேலைக்கடை வாசலில் ஒதுங்கி நிற்கிறேன். மேல்மாடியில் ஸ்பானிஷ் வகுப்பு நடக்கிறது. மகளைக் கூட்டிப்போக வந்த அம்மா ஒருவர் குடையோடு பக்கத்தில் நிற்கிறார்.

"ஏன் ஸ்பானிஷ்?" என்று கேட்கிறேன்.

"என்ர தம்பி மாட்ரிட்டில இருக்கிறான், அண்ணை. பாரிஸில இருந்திருந்தா பிரெஞ்சு படிப்பிச்சிருப்பன். மூண்டாம் வகுப்பில சேர்த்தனாங்கள், இப்ப ஒன்பதாம் வகுப்பு. அங்க போய் வாய் திறந்து கதைக்க வேணுமெல்லோ?"

இந்த ஊரில் பிள்ளைகளின் பாடத்தை மாமன்மாரின் விசாதான் தீர்மானிக்கிறது.

மகள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கி வருகிறாள். அதே நேரம், முதுகுப்பையோடு தொப்பலாக நனைந்த ஒரு வெள்ளைக்காரச் சோடியும் வாசலுக்குள் ஏறுகிறது. அந்தப் பெண் புத்தகத்தின் அட்டையைக் கண்டு துள்ளிக் குதிக்காத குறை. கடகடவென்று ஸ்பானிஷில் ஏதோ கேட்கிறாள். மகளின் முகம் மலர்கிறது. அவள் வாய் திறக்குமுன் அம்மா கையைப் பிடித்து இழுக்கிறார்.

"தெரியாத ஆக்களோட கதைக்கக் கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்? பேசாமல் நில்!"

சோடி கொஞ்சம் காத்திருந்துவிட்டு, பாமன்கடைப் பக்கமாக மழையில் இறங்கி நடக்கிறது.

"ஸ்டேஷனுக்கு எப்பிடிப் போறதெண்டுதான் கேட்டவை," என்கிறாள் மகள். "கடல் பக்கமெல்லோ போகோணும். பிழையாப் போகினம், அம்மா."

அம்மா பூரித்துப்போய் என் பக்கம் திரும்புகிறார்.

"பாத்தீங்களே அண்ணை, ஒரு சொல் விடாமல் விளங்குது பிள்ளைக்கு."