மூக்கையா அணைத்த கற்பூரம்

கண்டிக் கடைத்தெருவில் அந்தப் பேச்சைக் கொண்டுவந்து போட்டவன் ஸ்டேட் கவுன்சில் மெம்பரின் கார் டிரைவர். தேத்தண்ணிக் கடையில் அவன் உளறியதைத் துணிக்கடை ஹலீம் முதலாளி கேட்டுவந்து மூக்கையாவிடம் சொன்னார்.

"மெம்பரோட பல்லேகல கொக்கோத் தோட்டம் எலக்ஷனுக்கு முந்தியே வித்துப்போச்சாம். கிளப்புல அவரே சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாராம். நான் சொன்னேன் என்டு வெளிய சொல்லிராதீங்க."

மூக்கையாவுக்கு உள்ளங்கை எரிந்தது.

அம்பிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எந்தச் சண்டை வந்தாலும், "மூக்கையா சொல்லட்டும்" என்பதோடு தீரும். சொந்தத் தம்பி கோழி திருடியபோதும், "இவன்தான்" என்று கைகாட்டிய மனுஷன்.

முப்பத்தாறாம் ஆண்டுத் தேர்தலில், துரைக்குப் பிடிக்காத ஆள் பின்னால் போனால் பத்துச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டே விரட்டிவிடுவார்கள் என்று சனம் பயந்தது. துரைக்குப் பிடிக்காத அவரோ, ஓட்டுக் கேட்டு வந்தபோது, "சீட்டுக் குடுத்தா என் பல்லேகல தோட்டத்துல வேலையும் வீடும் இருக்கு" என்றார்.

"கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கய்யா," என்றாள் நல்லம்மா. புருஷனை இழந்து மூன்று பிள்ளைகளோடு இருப்பவள்.

மாரியம்மன் கோயிலில் எரியும் கற்பூரத்தின்மேல் அவர் கையை நீட்டினார். சூடு தட்டியதும் இழுத்துக்கொண்டார். "என் கை வேற, மூக்கையா கை வேறயா?" கூட்டம் சிரித்தது. அவருக்காக மூக்கையா உள்ளங்கையால் பொத்தி அணைத்தார்.

அவர் ஜெயித்து மெம்பரானார். அவர் பின்னால் போன பதினொரு குடும்பங்களுக்குப் பத்துச்சீட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் லயத்தைக் காலிபண்ண வேண்டும்.

ஹலீம் தன் கடை டெலிபோனில் மெம்பர் வீட்டு இலக்கம் கேட்டுக் கொடுத்தார். மெம்பரே எடுத்தார்.

"அன்னைக்குச் சொன்னது அன்னைக்கு உண்மை, மூக்கையா. இப்ப நெலம மாறிருச்சு."

"முந்தியே வித்துட்டீங்களாமே?"

"சரி, வித்தேன். அதைச் சொல்லியிருந்தா ஓட்டுப் போட்டிருப்பீங்களா?"

"இதையே கோயில்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. சத்தியம் என் கையில கெடக்கு."

"கை உன்னோடதுதானேப்பா?"

மெம்பர் டெலிபோனை வைத்துவிட்டார்.

கடைவாசலில் நல்லம்மா, இடுப்பில் பிள்ளையும் தலையில் பெட்டியுமாக. "எப்ப வரச் சொல்றாரு, அண்ணே?"

நாளைக்கு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனிவரை வந்ததை மூக்கையா விழுங்கினார்.

"இரு தங்கச்சி, கேக்குறேன்."

ஹலீம் மறுபடி இலக்கம் கேட்டுக் கொடுத்தார். தழும்பேறிய கையில் டெலிபோனை இறுக்கிக்கொண்டு மூக்கையா நின்றார். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது.